'ரன்' என்னும் ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்: முழுமையான வழிகாட்டி

வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், தேர்வில் ஒருவன் காப்பி அடிக்கிறான். இவற்றைக் கேட்கும் தமிழர் எவரும் 'அடி' என்றால் கையை ஓங்குவதுதானே என்று தயங்கி நிற்பதில்லை. உடன் வரும் சொல்லைப் பார்த்த கணத்திலேயே பொருள் தெளிந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதை நம் மரபு நெடுங்காலமாக அறியும். பழைய நிகண்டுகள் அத்தகைய சொற்களுக்கென்றே தனித் தொகுதி ஒதுக்கியிருக்கின்றன. அப்படியிருந்தும் ஆங்கிலம் கற்கத் தொடங்கியதும் இந்தத் திறனை நாம் ஓரமாக வைத்துவிட்டு, 'ரன் என்றால் ஓடு' என்று ஒற்றை வரியாக மனப்பாடம் செய்துகொள்கிறோம். பிறகு 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற எளிய தொடரைப் பார்த்ததும் அந்தப் பெண் பள்ளியில் ஓடுகிறாரா, பள்ளியை நோக்கி ஓடுகிறாரா என்று குழம்புகிறோம். அவர் ஓடவே இல்லை. அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார்.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகுதியான பொருள்களைப் பெற்றிருந்த சொல் 'செட்'. அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன, அந்தப் பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் நீண்டது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் அந்த முதலிடம் 'ரன்' வசம் வந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கண்டறியப்பட்டன. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் உழைத்தார். அந்த 645 பொருள்களையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்வதில்லை. அவர்கள் செய்வது, 'அடி'யை வைத்து நாம் செய்வதைத்தான். அதைப் படிப்படியாகச் செய்யும் வழியைக் கீழே விளக்குகிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தச் சொல்லின் நிகழ்கால வடிவத்தையும் இறந்தகால வடிவத்தையும் தமிழ் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டுவது கடினம் என்பதால், நிகழ்காலத்தை 'ரன்' என்றும் இறந்தகாலத்தை 'ரேன்' என்றும் எழுதுகிறேன். முன்னால் 'ஹேவ்', 'ஹேஸ்' சேரும்போது மீண்டும் 'ரன்' என்றே வரும். 'ஐ ஹேவ் ரன்' என்பதுதான் சரி. 'ஐ ஹேவ் ரேன்' என்பது பிழை.

முதல் படி: வேரில் இருக்கும் காட்சியைப் பிடித்துக்கொள்ளுதல்

'ரன்' என்றதும் கால்கள் விரைந்து நகரும் காட்சியை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் வெகுதூரம் போக முடியாது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலமான 'ரின்னன்' என்ற வினை, உயிர்கள் ஓடுவதையும் நீர் பாய்வதையும் சேர்த்தே குறித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'ரின்னன்' என்றால் ஒழுகுதல், வழிதல் என்றே பொருள். ஆகவே மனத்தில் பதிய வேண்டிய காட்சி ஆற்றின் காட்சி: நிற்காமல், ஒரு போக்கில், தொடர்ந்து செல்லுதல். இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைப்பதைக் காணலாம்.

தமிழருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் 'ஓடு'வும் ஏறத்தாழ இதே வழியில் விரிந்த சொல்தான். ஆறு ஓடுகிறது, உடலில் ரத்தம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, மனத்தில் ஏதோ எண்ணம் ஓடுகிறது. இந்த ஐந்து இடங்களிலும் ஆங்கிலத்தில் 'ரன்' போட்டுப் பேசலாம். 'ரன்' என்பதைத் தமிழில் நினைப்பது தவறு என்று சில ஆசிரியர்கள் கூறுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'ஓடு'வை முழுமையாக, அதன் எல்லாப் பொருள்களோடும் நினைத்தால், அது நல்ல பாலமாக அமையும். அந்தப் பாலம் எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

இரண்டாம் படி: செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தானே நிகழ்வதற்கு ஒரு வடிவமும், பிறரால் நிகழ்த்தப்படுவதற்கு வேறொரு வடிவமும் உண்டு. வண்டி ஓடுகிறது, நான் வண்டியை ஓட்டுகிறேன். 'ஓடு', 'ஓட்டு' என்ற இணை நமக்கு இயல்பாகவே வாய்த்தது. பழைய ஆங்கிலத்திலும் இப்படியே இரண்டு வினைகள் இருந்தன. தானே ஓடுவதற்கு 'ரின்னன்' இருந்தது. ஓடச் செய்வது, குதிரையைச் செலுத்துவது போன்றவற்றுக்கு அதே வேரிலிருந்து பிறந்த 'அர்னன்' என்ற மற்றொரு வினை இருந்தது. காலப்போக்கில் இரண்டும் உருவத்தில் நெருங்கி ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. இன்றைய 'ரன்' நமது 'ஓடு'வுக்கும் 'ஓட்டு'வுக்கும் சேர்த்து நிற்கும் ஒற்றைச் சொல். அதனால் அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குப் பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்பதே. வராவிட்டால் 'ஓடு' பக்கம் தேடுங்கள். வந்தால் 'ஓட்டு' பக்கம் தேடுங்கள்.

'த இன்ஜின் இஸ் ரன்னிங்' என்றால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஹி இஸ் ரன்னிங் த இன்ஜின்' என்றால் அவர் அதை இயக்கிக்கொண்டிருக்கிறார். 'ரன் எ கம்பெனி', 'ரன் எ ஷாப்', 'ரன் எ டிபார்ட்மென்ட்' ஆகியவை அனைத்தும் நடத்துவது, நிர்வகிப்பது. நாமும் கடையை ஓட்டுகிறோம், குடும்பத்தை ஓட்டுகிறோம் என்று சொல்வதால் இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'குடும்பத்தை ஏதோ ஓட்டுகிறேன்' என்றால் சிரமப்பட்டுச் சமாளிப்பதான சாயல் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'ரன்' என்பதற்கு அந்தச் சலிப்பு இல்லை; அது பொறுப்பையும் அதிகாரத்தையும் குறிக்கிறது.

கணினி உலகில் 'ரன் எ ப்ரோகிராம்' என்பதும் ஆய்வகத்தில் 'ரன் எ டெஸ்ட்' என்பதும் இதே கிளையைச் சேர்ந்தவை. ஒரு செயல்முறையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லவிடுவதுதான் இவற்றின் கருத்து. பத்திரிகை ஒன்று 'ரேன் எ ஸ்டோரி' என்றால் அது ஒரு செய்தியை வெளியிட்டது. 'ரன் எ பாத்' என்பது பலரையும் தடுமாற வைக்கும் தொடர். குளியல் தொட்டியில் நீரைத் திறந்துவிட்டு நிரப்புவது அதன் பொருள். முதல் படியில் கண்ட ஆற்றின் காட்சியையும் இந்தப் படியின் 'ஓட்டு'வையும் சேர்த்துப் பார்த்தால், நீரை ஓடச் செய்வது என்று தானாகவே விளங்கிவிடும். விரலை ஏதேனும் ஒன்றின் மேல் ஓட்டுவதும், பக்கங்களின் மேல் கண்ணை ஓட்டுவதும் ஆங்கிலத்திலும் 'ரன்' தான். நம்மிடம் 'கண்ணோட்டம்' என்றே ஒரு சொல் இருக்கிறது. பழந்தமிழில் அது இரக்கத்தைக் குறித்தது, இன்று பார்வைக் கோணத்தைக் குறிக்கிறது. ஒரே கருத்திலிருந்து ஒரு மொழி எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தில் தமிழ்ப் பாலம் உதவாத இடங்களும் சில உண்டு. 'ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்' என்றால் அவருக்குக் காய்ச்சல் இருக்கிறது. 'யூ ஆர் ரன்னிங் எ ரிஸ்க்' என்றால் நீங்கள் ஓர் ஆபத்துக்கு உங்களை உள்ளாக்கிக்கொள்கிறீர்கள். 'ரன் அன் எரண்ட்' என்றால் சிறு வேலையாக எங்கேனும் சென்று வருவது. 'ரன் கன்ஸ்' என்றால் ஆயுதம் கடத்துவது. 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு விளக்கை மீறிச் செல்வது. 'ஐ வில் ரன் யூ ஹோம்' என்பதற்கு உங்களை வண்டியில் வீட்டில் கொண்டுவிடுகிறேன் என்று பொருள். துரத்துவதாக எண்ணிவிடக் கூடாது. இவற்றைத் தொடர்களாகவே, செயப்படுபொருளையும் சேர்த்து, கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: எழுவாயைப் பார்த்தல்

செயப்படுபொருள் இல்லையென்றால் பொருளைத் தீர்மானிப்பது எழுவாய். மனிதரோ விலங்கோ எழுவாயாக இருந்தால் பெரும்பாலும் கால்களால் ஓடுவதுதான். அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவர் தேர்தலில் நின்றாலும் 'ரன்' தான். பிரிட்டிஷ் ஆங்கிலம் அதற்கு நம்மைப் போலவே 'ஸ்டாண்ட்', அதாவது நிற்பது என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஒரே செயலுக்கு ஒரு நாட்டில் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டில் நிற்கிறார்கள்.

நீர்மமாக இருந்தால் பாய்வது, வழிவது, கசிவது. 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. ஆடையின் நிறம் எழுவாயாக வந்து 'த கலர்ஸ் ரேன்' என்றால் துவைத்தபோது சாயம் கலைந்து பரவிவிட்டது. இந்த இரண்டிலும் தமிழ் 'ஓடு'வைப் பயன்படுத்துவதில்லை என்றாலும் பாயும் காட்சி அப்படியே இருக்கிறது.

சாலை, சுவர், மலைத்தொடர் போன்ற அசையாத பொருள்கள் எழுவாயாக வந்தால் நீண்டு செல்வது என்று கொள்ள வேண்டும். 'த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்' என்றால் சாலை ஆற்றை ஒட்டிச் செல்கிறது. இங்கே இலக்கணக் குறிப்பு ஒன்று அவசியம். இந்தப் பொருளில் பொதுவாக எளிய நிகழ்காலம்தான் வரும். 'த ரோட் இஸ் ரன்னிங்' என்று எழுதினால் சாலையே நகர்ந்து கொண்டிருப்பது போலத் தொனிக்கும். மாறாக இயந்திரத்துக்கு இரண்டும் பொருந்தும், ஆனால் பொருள் வேறு. 'த பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்' என்பது கால அட்டவணையைச் சொல்கிறது. 'த இன்ஜின் இஸ் ரன்னிங்' என்பது இந்தக் கணத்து நிலையைச் சொல்கிறது.

நாடகம், ஒப்பந்தம், குத்தகை போன்றவை எழுவாயாக வந்தால் இடத்தின் நீளம் காலத்தின் நீளமாக மாறுகிறது. 'த லீஸ் ரன்ஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் குத்தகை பத்து ஆண்டுகள் நடப்பில் இருக்கும். ஒரு பண்போ நோயோ எழுவாயாகி 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்று வந்தால், அது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருவது. அறிக்கை ஒன்று 'ரன்ஸ் டு ஃபார்ட்டி பேஜஸ்' என்றால் நாற்பது பக்கம் வரை நீள்கிறது.

நான்காம் படி: பின்னால் பெயரடை வந்தால்

இது சிறிய வகை. ஆனால் எழுத்தில் அடிக்கடி வரும். 'த வெல் ரேன் ட்ரை' என்பதில் கிணறு எங்கும் ஓடவில்லை, வற்றிப்போனது. இங்கே 'ரன்' தன் ஓட்டத்தை ஏறத்தாழ இழந்து, ஒரு நிலையை அடைவது என்ற பொருளில் வருகிறது. 'சப்ளைஸ் ஆர் ரன்னிங் லோ' என்றால் கையிருப்பு குறைந்து வருகிறது. 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்றால் எனக்குத் தாமதமாகிறது. 'ஃபீலிங்ஸ் ரேன் ஹை' என்றால் உணர்ச்சிகள் கொந்தளித்தன. 'ரன் அமோக்' என்பதில் உள்ள 'அமோக்' மலாய் மொழியிலிருந்து வந்த சொல். கட்டுக்கடங்காமல் வெறிகொண்டு திரிவதை அது குறிக்கும். எந்தப் பெயரடை வேண்டுமானாலும் இப்படிச் சேர்ந்துவிடாது என்பதால், பார்க்கும் இணைகளைக் குறித்துவைப்பதே வழி.

ஐந்தாம் படி: ஒட்டி வரும் சிறு சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

'ரன்' என்பதற்குப் பின்னால் வரும் சிறு சொற்களே பொருளை முழுவதுமாகத் திருப்பிவிடுகின்றன. இங்கே சற்று நின்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கற்பவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான்.

'ரன் அவுட்' என்பதை எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட்டில் இந்தத் தொடர் நமக்கு நன்கு பழகியது. அன்றாட ஆங்கிலத்தில் இதன் பொருள் தீர்ந்துபோவது. இதில் எழுவாய் இரண்டு விதமாக அமையலாம். 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆவ் மில்க்' என்றால் எங்களிடம் பால் தீர்ந்துவிட்டது. முதல் தொடரில் தீர்ந்த பொருள் எழுவாய். இரண்டாவதில் அதை இழந்தவர் எழுவாய், 'ஆவ்' கட்டாயம். 'வீ ஹேவ் ரன் அவுட் மில்க்' என்று அந்தச் சிறு சொல்லை விட்டுவிடுவது நம்மவரிடையே மிகப் பரவலான பிழை. கடவுச்சீட்டோ உரிமமோ 'ரன்ஸ் அவுட்' என்றால் காலாவதியாகிறது.

'ரன் இன்டு' என்பதற்கு மூன்று பொருள்கள் உண்டு: மோதுவது, எதிர்பாராமல் சந்திப்பது, ஒரு தொகையை எட்டுவது. 'ஐ ரேன் இன்டு எ வால்' என்றால் சுவரில் மோதிக்கொண்டேன். 'ஐ ரேன் இன்டு அன் ஓல்ட் ஃப்ரெண்ட்' என்றால் பழைய நண்பரைத் தற்செயலாகக் கண்டேன். செலவு 'ரேன் இன்டு மில்லியன்ஸ்' என்றால் அது பல மில்லியனைத் தொட்டது. பின்னால் வருவது பொருளா, மனிதரா, எண்ணா என்று பார்த்தால் போதும்.

'ரன் டவுன்' இன்னும் வளமானது. மின்கலத்தில் ஆற்றல் தீர்வதும், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும், வண்டியால் ஒருவரை இடித்து வீழ்த்துவதும் இதற்குள் அடங்கும். இதுவே பெயரடையாகும்போது கட்டடத்துக்கு வந்தால் பாழடைந்த நிலை, மனிதருக்கு வந்தால் உடல் தளர்ந்த நிலை. 'ரன்டவுன்' என்று ஒற்றைப் பெயர்ச்சொல்லாக வந்தால், ஒரு விவகாரத்தைச் சுருக்கமாக எடுத்துரைப்பது. 'ரன் அப் எ பில்' என்றால் கடனைப் பெருகவிடுவது. 'ரன்-அப்' என்ற பெயர்ச்சொல் பந்துவீச்சாளரின் ஓட்டத்தையும் ஒரு பெரிய நிகழ்வுக்கு முந்தைய காலத்தையும் குறிக்கும். 'ரன் த்ரூ' என்றால் ஒத்திகை பார்ப்பது, ஊடுருவிச் செல்வது. 'லெட் மீ ரன் திஸ் பை யூ' என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால், ஒரு யோசனையை உங்களிடம் கூறிக் கருத்துக் கேட்க விரும்புகிறார்.

இந்தத் தொடர்களில் சிலவற்றைப் பிரிக்கலாம், சிலவற்றைப் பிரிக்கக் கூடாது. 'ரன் ஹிம் டவுன்' என்று நடுவில் ஆளைக் கொண்டுவரலாம். ஆனால் சந்தித்தேன் என்ற பொருளில் 'ஐ ரேன் இன்டு ஹிம்' என்பதே சரி. 'ஐ ரேன் ஹிம் இன்டு' என்பது ஆங்கிலமே ஆகாது. அகராதியில் பொருளைப் பார்க்கும்போதே எடுத்துக்காட்டுத் தொடரில் ஆள் எங்கே நிற்கிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பெயர்ச்சொல்லாக நிற்கிறதா என்று பார்த்தல்

முன்னால் 'எ' அல்லது 'த' இருந்தால் அது பெயர்ச்சொல்லாக இருக்கக்கூடும். கிரிக்கெட்டில் எடுக்கும் ஓட்டம் நாம் அறிந்ததே. 'ட்ரை ரன்' என்றால் ஒத்திகை. 'ப்ரின்ட் ரன்' என்றால் ஒரே முறையில் அச்சிடப்படும் படிகளின் எண்ணிக்கை. 'எ ரன் ஆவ் பேட் லக்' என்றால் அடுத்தடுத்து வரும் துரதிருஷ்டம். 'எ ரன் ஆன் த பேங்க்' என்பது வங்கியின் மீது நம்பிக்கை இழந்த மக்கள் தங்கள் பணத்தை எடுக்க ஒரே நேரத்தில் திரள்வது. 'சிக்கன் ரன்' என்பது கோழிகள் உலவுவதற்காக வேலியிட்ட இடம். காலுறையில் நூல் பிரிந்து ஏற்படும் கோட்டை அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள். பிரிட்டனில் அதுவே 'லேடர்'. 'இன் த லாங் ரன்' என்றால் நீண்ட காலத்தில். 'ஆன் த ரன்' என்றால் தலைமறைவாகத் திரிவது.

இடப்பெயரில்கூட இந்தச் சொல் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 ஜூலையில் வர்ஜீனியாவில் நடந்த முதல் புல் ரன் போரின் பெயரைக் கேட்டால் காளை ஓட்டம் என்று எண்ணத் தோன்றும். அங்கே 'புல் ரன்' என்பது ஓர் ஓடையின் பெயர். அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடையை 'ரன்' என்று அழைப்பது வழக்கம். நம் மொழியிலும் 'ஓடை' என்ற சொல்லில் 'ஓடு' ஒலிப்பதைக் கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஏழாம் படி: அகராதியைப் பயன்படுத்தும் முறை

ஆங்கிலத்தில் 'பேட்' என்று ஒரு சொல் வௌவாலையும் பந்தடிக்கும் மட்டையையும் குறிக்கிறது. இவை வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து தற்செயலாக ஒரே உருவம் பெற்ற இரண்டு சொற்கள். அகராதியிலும் தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கும். கூரையில் வேயும் ஓடும் விரைந்து செல்லும் ஓடும் நமக்கு அப்படித்தான். ஆனால் 'ரன்' கிளைத்துப் பரந்த ஒற்றைச் சொல். எனவே நீண்ட பதிவைக் கண்டு மலைக்காமல், மேலே சொன்ன வரிசையிலேயே வடிகட்டுங்கள். முதலில் பெயரா வினையா. வினையென்றால் செயப்படுபொருள் உண்டா இல்லையா. ஒட்டி வரும் சிறு சொல் உண்டா. அந்தச் சிறு சொல் இருந்தால் முதன்மைப் பதிவைப் படிக்க வேண்டியதில்லை. தொடர்வினைகளுக்கென அமைந்த பகுதிக்கு நேரே சென்றுவிடலாம். குறிப்பேட்டில் எழுதும்போது 'ரன் - நடத்து' என்று எழுதாமல், 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்று முழுத்தொடராக எழுதுங்கள்.

எட்டாம் படி: பயிற்சி

இப்போது ஒரு சிறு பத்தியை எடுத்துப் படிகளைப் பொருத்திப் பார்ப்போம். 'மை சிஸ்டர் ரன்ஸ் எ ப்ரெஸ். லாஸ்ட் வீக் த இங்க் ரேன் லோ. த ப்ரின்ட் ரன் வாஸ் ஸ்மால், பட் த காஸ்ட் ரேன் இன்டு தவுசண்ட்ஸ். ஷி ரேன் ஓவர் த பேப்பர்ஸ் அகெய்ன்.'

முதல் தொடரில் செயப்படுபொருள் அச்சகம். ஆகவே என் சகோதரி ஓர் அச்சகத்தை நடத்துகிறார். இரண்டாவதில் பெயரடை ஒட்டியிருக்கிறது; மை குறைந்துபோனது. மூன்றாவதில் ஒரு 'ரன்' பெயர்ச்சொல், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை; 'ரேன் இன்டு' என்பதற்குப் பின்னால் எண் வருவதால் செலவு ஆயிரக்கணக்கை எட்டியது. கடைசித் தொடர் சற்றுச் சிந்திக்க வைப்பது. 'ரன் ஓவர்' என்பதற்கு வண்டி ஏறிச் செல்வது என்றும் பொருள் உண்டு, மறுபடி ஒரு முறை பார்வையிடுவது என்றும் பொருள் உண்டு. எழுவாய் 'த கார்' என்றிருந்தால் காகிதங்களின் மேல் சக்கரம் ஏறியிருக்கும். எழுவாய் 'ஷி' என்பதாலும், முன்னால் கணக்கு வழக்கைப் பற்றிய பேச்சு இருப்பதாலும், அவர் அந்தத் தாள்களில் மீண்டும் ஒரு முறை கண்ணை ஓட்டினார்.